கை நரம்பு அறுந்தால் எண்ணெய் எதற்கு? ஊசி நூலைத் தேடுங்கள்!

நம் வீடுகளில் 'நரம்பு' என்ற சொல் படாத பாடு படுகிறது. "டாக்டர் நரம்பு ஊசி போட்டார்" என்கிறோம். அது போனது ரத்தக்குழாய்க்குள். "கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிக்கிச்சு" என்கிறோம். அதுவும் ரத்தக்குழாய்தான். "கழுத்து நரம்பு பிடிச்சுக்கிச்சு" என்றால் அது சதைப் பிடிப்பு. குதிகாலுக்கு மேலே கயிறு மாதிரி தட்டுப்படுமே, அதையும் நரம்பு என்கிறோம். அது தசைநாண். சதையை எலும்போடு கட்டிவைக்கிற கயிறு.

பேச்சு வழக்குதானே, இதில் என்ன கெட்டுப்போச்சு என்று கேட்பீர்கள். சாதாரண நாளில் ஒன்றும் கெடாது. ஆனால் பாத்திரம் தேய்க்கும்போது கண்ணாடி டம்ளர் உள்ளேயே உடைந்து மணிக்கட்டைக் கிழித்துவிடுகிறது. கோபத்தில் பையன் ஜன்னல் கண்ணாடியைக் குத்துகிறான். டைல்ஸ் அறுக்கிற மெஷின் நழுவிவிடுகிறது. அந்த நேரத்தில் யாரோ ஒருவர், "நரம்பு கட் ஆயிடுச்சாம்" என்கிறார். எது கட்? ரத்தக்குழாயா, தசைநாணா, நிஜமான நரம்பா? வீட்டில் யாருக்கும் தெரியாது. ரத்தம் நின்றதா, தையல் போட்டார்களா, அவ்வளவுதான் கேட்கிறோம். பத்தாம் நாள் தையல் பிரிக்கிறார்கள். கை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கிறது. "போகப் போகச் சரியாகிடும்" என்கிறார்கள்.

போகப் போக அவர்கள் வந்து சேருவது என்னைப் போன்ற சித்த வைத்தியர்களிடம்!

"வர்மம் பார்த்து எண்ணெய் போட்டா நரம்பு கூடிடும்னு சொன்னாங்க, ஐயா" என்று மூன்று மாதம், ஆறு மாதம், சில சமயம் ஒரு வருஷம் கழித்து வருகிறார்கள். மணிக்கட்டில் கோணல்மாணலாக ஒரு தழும்பு. கட்டைவிரலின் அடிச்சதை வற்றிப்போயிருக்கும். சட்டைப் பொத்தான் போட வராது. பைக்குள் கைவிட்டால் சில்லறைக்கும் சாவிக்கும் வித்தியாசம் தெரியாது.

அவர்களுக்குச் சொல்வதையே உங்களுக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுகிறேன். முழுசாக அறுந்துபோன நரம்பை எந்த எண்ணெயும் ஒட்டவைக்காது. என் மருந்துப் பெட்டியில் அதற்கு மருந்தில்லை. அதைத் தைக்க வேண்டும். இதைச் சொன்னால் எங்கள் ஆட்களிலேயே சிலருக்குக் கோபம் வருகிறது. ஏன் வரணும்? சித்த மருத்துவம் சொல்கிற முப்பத்திரண்டு புற மருத்துவ முறைகளில் தொக்கணமும் ஒற்றடமும் இருப்பதுபோல 'அறுவை'யும் ஒன்றுதானே! எந்த நோய்க்கு எதை எடுப்பது என்று தெரிந்தவன்தான் வைத்தியன்.

நரம்பு அறுந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பது புரிந்துவிட்டால் அவசரம் எங்கே, பொறுமை எங்கே என்பதும் புரிந்துவிடும். 1850-ல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளை நாக்கின் நரம்புகளை வெட்டிப் பார்த்தார். வெட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது மூளையோடு தொடர்பு அறுந்த பக்கம், நரம்பிழைகள் சிதைந்து அழிந்துபோவதைக் கண்டார். ஆகவே நரம்பைத் தைப்பது கரண்ட் ஒயரை முறுக்கி ஒட்டுகிற வேலை இல்லை. ஒயரை ஒட்டினால் அந்த நிமிஷமே பல்பு எரியும். நரம்பில் அப்படி நடக்காது. கீழ்ப்பக்கத்தில் மிஞ்சுவது வெறும் உறைதான். அதை ஒரு பந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல்பக்கத்திலிருந்து புது இழைகள் அவரைக்கொடி மாதிரி துளிர்விட்டு, அந்தப் பந்தலைப் பிடித்து விரல் நுனிவரை படர வேண்டும். டாக்டர் ஊசி நூலால் செய்வது கொடியையும் பந்தலையும் நேருக்கு நேர் சேர்த்து வைப்பது. படர்கிற வேலையை உடம்புதான் செய்யும்.

சேர்த்து வைக்காவிட்டால்? கொடி பந்தல் கிடைக்காமல் அங்கேயே சுருண்டு ஒரு முடிச்சாகிவிடும். தழும்பைத் தொட்டாலே ஷாக் அடிக்கிற மாதிரி சுரீர் என்கிறதே, அது பெரும்பாலும் அந்த முடிச்சுதான்.

கொடி படரும் வேகம் ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். மணிக்கட்டில் அறுந்தால் விரல் நுனிவரை போய்ச்சேர ஆறு, ஏழு மாதம். முழங்கைக்கு மேலே அறுந்தால் ஒரு வருஷத்துக்கும் மேலே. அக்குளில் அறுந்தால் கணக்கு இன்னும் நீளும். இதற்கு நடுவே இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. கட்டளை வராத சதை சும்மா காத்துக்கொண்டிருக்காது. வற்றிக்கொண்டே வந்து, ஒரு வருஷத்திலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் திரும்பப் பெற முடியாத நிலைக்குப் போய்விடும். அதற்கப்புறம் கொடி வந்து சேர்ந்தாலும் பயனில்லை. இப்போது சொல்லுங்கள், ஆறு மாதம் எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனால் எந்தக் கடிகாரம் ஜெயிக்கும்?

சரி, அறுந்தது நிஜ நரம்புதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஸ்கேன் எதுவும் வேண்டாம். கொஞ்சம் பஞ்சும் இரண்டு நிமிஷமும் போதும். ஆனால் ஒரு நிபந்தனை. மரத்துப்போகிற ஊசி போடுவதற்கு முன்னாடி பார்க்க வேண்டும். ஊசி போட்டபிறகு எல்லா விரலும் மரத்துத்தானே இருக்கும்! இந்த ஒரு வரிசை மாறிப்போனதால் கண்டுபிடிக்காமல் விடப்பட்ட நரம்புகள் எத்தனையோ.

ஆள்காட்டி விரல் நுனியில் பஞ்சால் தொடுங்கள். அடுத்து சுண்டுவிரல் நுனி. "தெரியுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "லேசா தெரியுது" என்று எல்லாருமே சொல்வார்கள். "அந்தக் கையில தெரியற மாதிரியே இந்தக் கையிலயும் தெரியுதா?" என்று கேளுங்கள். பிறகு உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, கட்டைவிரலை மட்டும் கூரையைப் பார்த்துத் தூக்கச் சொல்லுங்கள். விரல்களை விசிறி மாதிரி விரிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். கட்டைவிரல் எழும்பாவிட்டால் மீடியன் நரம்பு, விரல் விரியாவிட்டால் அல்னர் நரம்பு, மணிக்கட்டு தொங்கினால் ரேடியல் நரம்பு என்று சந்தேகப்பட வேண்டும்.

அழுகிற குழந்தையிடம் இதெல்லாம் நடக்குமா? நடக்காது. அதற்கு ஒரு தந்திரம் உண்டு. நரம்பு அறுந்த விரலில் வியர்வை சுரக்காது. வழவழப்பான பிளாஸ்டிக் பேனாவை விரல் நுனியில் வைத்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். நல்ல விரலில் லேசாக ஒட்டிக்கொண்டு வரும். நரம்பு அறுந்த விரலில் வழுக்கிக்கொண்டு போகும். காயம் ஆறியபிறகு சந்தேகம் வந்தால் இன்னொரு வழி. கையை வெதுவெதுப்பான நீரில் அரைமணி நேரம் ஊறவைத்தால் நல்ல விரல்களில் தோல் சுருங்கும். நரம்பு போன விரலில் சுருங்காது. 1973-லேயே மருத்துவர்கள் எழுதிவைத்த விஷயம் இது.

இப்போது சிகிச்சைக்கு வருவோம். "இதெல்லாம் மெட்ராஸ்ல, கோயம்புத்தூர்ல பெரிய பெரிய ஆஸ்பத்திரிலதான் முடியும். மைக்ராஸ்கோப் வேணும், லட்சக்கணக்குல ஆகும்" என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். நோயாளிகள் சொன்னால் பரவாயில்லை. மருத்துவர்களே சொல்லும்போதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மைக்ராஸ்கோப் இருந்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. விரலுக்குள் ஓடுகிற மெல்லிய நரம்புக்கு அது பெரிய உதவி. ஆனால் மணிக்கட்டில் ஓடும் மீடியன் நரம்பு பென்சிலைவிடக் கொஞ்சம்தான் மெலிசு. அதை நேர்த்தியாகத் தைக்க, கண்ணாடி போல மாட்டிக்கொள்கிற உருப்பெருக்கி போதும். 'லூப்' என்பார்கள். இரண்டரை மடங்கிலிருந்து நாலரை மடங்குவரை பெரிதாகக் காட்டும். வாட்ச் ரிப்பேர் செய்பவர் கண்ணில் வைத்திருப்பாரே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி!

மற்றபடி என்ன வேண்டும்? முழு மயக்கம்கூடத் தேவையில்லை. அக்குளிலோ காறை எலும்புக்கு மேலோ ஊசி போட்டு கையை மட்டும் மரக்கவைக்கலாம். நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டே இருப்பார். ரத்தம் மறைக்காமல் இருக்க, மேல்கையில் பிரஷர் பார்க்கிற மாதிரிப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்து வைப்பார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அதைத் தளர்த்திவிட வேண்டும். அறுந்த இரண்டு முனைகளையும் தேடி எடுத்து, நசுங்கிய பகுதியைக் கூரான பிளேடால் நறுக்கினால், உள்ளே நரம்புக் கற்றைகள் கேபிளை வெட்டிய மாதிரி பளிச்சென்று தெரியும். நரம்பின் மேல் ஓடுகிற மெல்லிய ரத்தக்குழாயை அடையாளமாக வைத்துக்கொண்டு, முறுக்கிக்கொள்ளாமல் நேர்நேராகச் சேர்க்க வேண்டும். இழுத்துப் பிடித்துச் சேர்க்கக் கூடாது. தையல் நூல் தலைமுடியைவிட மெல்லியது, அரை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கும் இருக்காது. மேலுறையில் சில தையல்கள். பிறகு மணிக்கட்டை லேசாக மடக்கினாற்போல மூன்று வாரம் மாவுக்கட்டு.

சாமான் பட்டியல் இவ்வளவுதான். பட்டியலில் சேராத ஒன்று உண்டு. பழகிய கை. எங்கள் சித்த மருத்துவக் கல்லூரியிலும் உடற்கூறு மேஜையில் கையை அறுத்துப் படித்தோம். மணிக்கட்டில் தோலை விலக்கினால் வெள்ளையாகப் பத்துப் பன்னிரண்டு வடங்கள். அதில் எது நாண், எது நரம்பு என்று புது மாணவனுக்குச் சத்தியமாகத் தெரியாது. ரத்தம் கசிகிற காயத்தில், நள்ளிரவில், போதாத வெளிச்சத்தில், நரம்பின் ஒரு முனையைப் பக்கத்திலிருக்கும் தசைநாணின் முனையோடு சேர்த்துத் தைத்துவிடுகிற தப்பு உலகம் முழுக்க நடக்கிறது, புத்தகங்களிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் அவசரம் ஒருபுறம், பதற்றம் கூடாது என்பது ஒருபுறம்.

நல்ல செய்தி என்னவென்றால், நரம்புத் தையல் அந்த ராத்திரியிலேயே நடந்தாக வேண்டும் என்பதில்லை. ரத்தம் நிற்காவிட்டாலோ, கை வெளுத்துச் சில்லிட்டுப் போனாலோதான் மணிக்கணக்கில் அவசரம். அது ரத்தக்குழாய் விவகாரம். நரம்புக்கு மட்டும் என்றால் காயத்தைச் சுத்தமாகக் கழுவி, தோலை மூடி, நாலு நாளில் பழகியவரிடம் சேர்த்தால் போதும். காயம் நசுங்கி அழுக்கேறி இருந்தால் வேண்டுமென்றே தள்ளிவைத்து, மூன்று வாரம்போலக் கழித்துத் தைப்பதும் உண்டு. முதல் டாக்டர் நரம்பு முனைகளில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்து, 'மீடியன் நரம்பு அறுந்திருக்கிறது' என்று சீட்டில் ஒரு வரி எழுதி அனுப்பினால், அதுவே பாதி ஆபரேஷன்!

என் ஆதங்கம் எல்லாம் இந்த ஒரு வரியைப் பற்றித்தான். தையல் போட்டு அனுப்பிய எத்தனையோ சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். எத்தனை தையல், எந்த மாத்திரை, டி.டி. ஊசி போட்டாச்சா, எல்லாம் இருக்கும். விரலில் உணர்ச்சி இருந்ததா, இல்லையா என்று இருக்காது. லூப் வாங்கப் பணம் வேண்டும், ஆளுக்குப் பயிற்சி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். இந்த வரியை எழுத எந்த பட்ஜெட் வேண்டும்? அவர்கள் எழுதாவிட்டால் நீங்கள் கேளுங்கள். "சார், நரம்பு பார்த்துட்டீங்களா? அதையும் எழுதிக் கொடுத்துடுங்க" என்று தன்மையாகக் கேட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தாலும் பரவாயில்லை.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஆளுக்கு ஒரு சர்ஜனையாவது கை அறுவைத் துறைக்கு அனுப்பிச் சில மாதம் பழக்கி, லூப்பும் மெல்லிய நூலும் கொடுத்து உட்காரவைக்க வேண்டும் என்பது என் கட்சி. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. கற்றுக்கொள்ள அமெரிக்காவா போகணும்? டைல்ஸ் அறுக்கிறவர், மரம் இழைக்கிறவர், பாத்திரம் தேய்க்கிற அம்மா... இவர்கள் எல்லாரும் பஸ் ஏறிச் சென்னைக்கு வர மாட்டார்கள். இரண்டு தடவை அலைந்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற எண்ணெய்க்காரரிடம் போய்விடுவார்கள்.

எல்லா நரம்புக் கோளாறுக்கும் கத்தி வேண்டுமா என்றால், வேண்டாம். 1943-ல் செடன் என்ற ஆங்கிலேய சர்ஜன் நரம்புக் காயத்தை மூன்றாகப் பிரித்தார். அதிர்ச்சியில் மயங்கிய நரம்பு, உறை இருக்க உள்ளிழை அறுந்த நரம்பு, முழுக்க அறுந்த நரம்பு. முதல் இரண்டும் பெரும்பாலும் தானாகவே தேறும். மேல்கை எலும்பு முறிந்து மணிக்கட்டு தொங்கிப்போனால், தோல் கிழியாத காயமாக இருந்தால், பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் நரம்பு உயிர்பெற்றுவிடுகிறது. அதுவரை மணிக்கட்டு தொங்காமல் தாங்குகட்டை கட்டி, மாதாமாதம் பரிசோதித்தால் போதும். மூன்று மாதத்தில் அசைவே இல்லை என்றால்தான் உள்ளே பார்க்க வேண்டும். எங்கள் எண்ணெய்க்குக் கிடைக்கிற பேரெல்லாம் இந்தத் தானாகத் தேறுகிற நரம்புகளால் கிடைக்கிற பேர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கத்தி, கண்ணாடி கிழித்த காயத்துக்கு அடியில் விரல் மரத்திருந்தால் அந்தக் கணக்குச் செல்லாது. அறுந்தது என்றே எடுத்துக்கொண்டு திறந்து பார்க்க வேண்டும்.

பைக்கிலிருந்து விழுந்து தோளும் கழுத்தும் எதிரெதிராக இழுபட்டு, கை முழுக்கத் துவண்டு தொங்குகிறதே, அது தனிக் கதை. அங்கே நரம்பு வேரோடு பிய்ந்திருக்கலாம். தைக்க முனையே இருக்காது. 1994-ல் ஓபர்லின் என்ற பிரெஞ்சு சர்ஜன், நன்றாக இருக்கும் அல்னர் நரம்பிலிருந்து ஒரே ஒரு கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்குகிற சதையின் நரம்பில் இணைத்துக் காட்டினார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு இணைப்பு எடுக்கிற மாதிரி! விரல்கள் வேலை செய்கிற கைகளுக்கே இது பொருந்தும். இந்த வேலைக்குப் பெரிய மையங்கள்தான் சரி. ஆனால் ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும்.

தைத்தபிறகு வீட்டில் ஏழெட்டு மாத வேலை இருக்கிறது. முதல் மூன்று வாரம் கட்டைப் பிரிப்பது, விரலை நீவி நிமிர்த்துவது, இழுப்பது எதுவும் கூடாது. யார் சொன்னாலும் கூடாது. பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி மூட்டுகளை மடக்கி நீட்டி, இறுகாமல் வைத்திருக்க வேண்டும். காயம் நன்றாக ஆறியபிறகு, வறண்டுபோன தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம். எங்கள் தைலங்களுக்கும் அப்போது இடம் உண்டு. ஆனால் நரம்பை வளர்க்கும் என்று நினைத்துத் தடவாதீர்கள். தோலுக்கும் மூட்டுக்கும்தான்.

ஒற்றடம் மட்டும் வேண்டவே வேண்டாம்! சூடு தெரியாத கைக்கு நொச்சி ஒற்றடம் கொடுத்து, தோல் வெந்து, கொப்புளம் புண்ணாகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தோசைக்கல், இஸ்திரிப் பெட்டி, டபரா காபி எல்லாமே அந்தக் கைக்கு எதிரிகள். வலி என்ற காவல்காரன் லீவில் இருக்கிறான். அவன் வேலையைக் கண்தான் பார்க்க வேண்டும். ராத்திரி படுக்கும்முன் ஒருதடவை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

உணர்ச்சி திரும்பும்போது முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி, ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும். பயப்படாதீர்கள், கொடி வருகிறது என்று அர்த்தம். நரம்பின் பாதையில் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தால் எந்த இடத்தில் சுரீர் என்கிறதோ, கொடி அதுவரை வந்திருக்கிறது. 1915-ல் டினெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதிய சோதனை இது, காசில்லாத சோதனை. புதிதாக வந்த இழைகள் பழைய முகவரிக்கே போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் மூளைக்கு மறுபடி பாடம் நடத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு அரிசியையும் துவரம்பருப்பையும் தொட்டுப் பார்த்துப் பிரிக்கட்டும். பொத்தான், சாவி, காசு, பட்டுத்துணி, கோணித்துணி... தினம் கால்மணி நேரம். குழந்தைகளுக்கு அருமையாகப் பலிக்கும். ஐம்பது வயதுக்காரருக்குப் பழைய உணர்ச்சி முழுசாக வராது. சூடு தெரியும், பொருளைப் பிடிக்க வரும், ஆனால் ஊசியில் நூல் கோக்கிற நுட்பம் திரும்புவது சந்தேகம். இதை முன்னாடியே சொல்லிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

ஏற்கெனவே ஐந்து வருஷம், பத்து வருஷம் கடத்திவிட்டவர்கள் இதைப் படித்துவிட்டு மனசு விட்டுவிடாதீர்கள். நரம்புக்குக் காலம் போயிருக்கலாம். கைக்குப் போகவில்லை. 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்து, 1946-ல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயால் நரம்பு அழிந்து, விரல்கள் கொக்கி மாதிரி மடங்கிப் போனவர்களை ஆஸ்பத்திரிகளே சேர்க்கத் தயங்கிய காலம். அந்த நரம்புகளைத் தைக்க வழியே கிடையாது. அவர் என்ன செய்தார்? அந்தக் கையிலேயே நன்றாக வேலை செய்கிற ஒரு தசைநாணை எடுத்து, வேலை செய்யாத விரல்களுக்கு வழிமாற்றிக் கட்டினார். 1940-களின் கடைசியில் வேலூரில் நடந்த அந்த வேலைக்கு மைக்ராஸ்கோப் இல்லை, லேசர் இல்லை. அதைப் பார்த்து உலகம் கற்றுக்கொண்டது.

தசைநாண் மாற்று அறுவை என்று அதற்குப் பெயர். தொங்கிப்போன மணிக்கட்டைத் தூக்கவைக்கவும், கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவரவும், கொக்கி விரலை நிமிர்த்தவும் இன்றைக்கும் அதைச் செய்கிறார்கள். உணர்ச்சியைத் திருப்பித் தராது, அசைவைத் தரும். மூட்டுகள் இறுகிக் கிடந்தால் முதலில் சில வாரம் பயிற்சி கொடுத்து இளக்க வேண்டும். அந்த வேலைக்கு என்னைப் போன்றவர்களின் தொக்கணமும் உதவும். பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கை அறுவை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி புறநோயாளர் பிரிவு நடக்கும் நாளை விசாரித்துப் போங்கள். "நரம்பு தைக்கிற காலம் தாண்டிடுச்சு டாக்டர், நாண் மாத்தி வைக்க முடியுமா?" என்று கேளுங்கள்.